கேட் வால்வு சாவி யார் கையில்?

(டேங்க் ஆப்பரேட்டர்களும் தூய்மைக் காவலர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

விடியற்காலையில் மோட்டார் போட்டு, தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்டு, அப்படியே சைக்கிளை மிதித்து இங்கே வந்து சேர்ந்திருக்கும் டேங்க் ஆப்பரேட்டர் அண்ணன்மார்களே, தூய்மைக் காவலர் அக்கா தங்கைகளே!

எனக்கு முன்னால் பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறவர்கள் நடத்துகிற கூட்டம் இது. பேச வந்தவனுக்கோ கடைத் தண்ணீர்! (சிரிப்பு) குற்றமாகச் சொல்லவில்லை. விருந்தாளிக்கு நம்ம தொட்டித் தண்ணீரைக் கொடுக்க உங்களுக்கே மனம் வரவில்லை. ஏன் வரவில்லை? இன்றைக்கு என் பேச்சு அதைப் பற்றித்தான்.

2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தார்கள். கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், 2024-க்குள் எல்லாம் முடியும் என்றார்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் சுமார் 1.25 கோடி கிராமத்து வீடுகளில் குழாய் இருந்தவை 22 லட்சத்துக்கும் குறைவு. இன்றைக்கு ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். என் தாயார் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று ஒன்றரை மைல் நடந்தவர். வாசலில் குழாய் என்றால் என்ன என்று அவர் காலைக் கேட்டால் தெரியும்.

ஆனால் எண்ணியது எதை? குழாயை. வீட்டுக்காரரின் ஆதார் எண்ணை வாங்கிக் குழாயோடு சேர்த்தார்கள். படம் எடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். 55 லிட்டர் விழுகிறதா என்று உங்கள் தெருக் கடைசி வீட்டில் வாளி வைத்து அளந்தவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் காணோம்.

பணக் கதையையும் கேளுங்கள். 2024-25 நிதிநிலை அறிக்கையில் இந்தத் திட்டத்துக்கு 70,163 கோடி ரூபாய் என்று படித்தார்கள். வருடம் முடிவதற்குள் திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடி ஆயிற்று. கெடு 2028-க்குப் போயிற்று. ‘மாநிலம் கணக்குக் கொடுக்கவில்லை’ என்று டெல்லி சொல்லும், ‘டெல்லி பணம் கொடுக்கவில்லை’ என்று சென்னை சொல்லும். இரண்டுக்கும் நடுவில் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடக்கிறது, அதில் ஆட்டுக்குட்டி விழுகிறது. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. பள்ளம் யார் வாசலில் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சரி, பைப் வந்தது, தொட்டி வந்தது, மோட்டாரும் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம்? ‘டி’ மாதிரி ஒரு இரும்புச் சாவி இருக்கிறதே, கேட் வால்வு திருகுகிற சாவி, அங்கே தொடங்குகிறது உண்மையான அரசியல். எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பது, எத்தனை நிமிடம் விடுவது, காலனிக்கு எப்போது என்பதெல்லாம் எந்த அரசாணையிலும் கிடையாது, அந்தச் சாவியில் இருக்கிறது. சாவி உங்கள் கையில் இருப்பதாக ஊர் நினைக்கிறது. ‘ஏன்டா எங்க தெருவுக்கு வரல’ என்று வயதில் சின்னவன்கூட உங்களை ஒருமையில் பேசுகிறான். உங்கள் கையைப் பிடித்துத் திருப்புகிற கை வேறு என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊர்க்காரர்களையும் சும்மா விட முடியாது. குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறீர்களே, அது திருட்டு. மேட்டுத்தெருவில் உறிஞ்சினால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அதோடு முடியவில்லை. பைப்பில் எங்காவது விரிசல் இருந்தால், உறிஞ்சுகிற வேகத்தில் வெளியே தேங்கிக் கிடக்கிற சாக்கடையும் சேர்ந்து உள்ளே ஏறும். அதைத்தான் உங்கள் பிள்ளை குடிக்கிறது. கட்சிக்கொடி ஏற்றும் வீட்டிலும் அந்த மோட்டார் இருக்கிறது. (கைதட்டல்) கைதட்டுகிறவர்கள் வீட்டில் இல்லாமல் இருந்தால் சரி.

இனி வேங்கைவயல். பேசாமல் போகலாம் என்று நண்பர் ஒருவர் வரும் வழியில் சொன்னார். குடிநீர் பற்றிப் பேசும் மேடையில் அந்தப் பெயரைச் சொல்லாமல் இறங்கினால் நான் சோறு தின்பதில் அர்த்தமில்லை. 2022 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம். ஆதிதிராவிடர் குடும்பங்களுக்குத் தண்ணீர் தருகிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மருத்துவர்கள் தண்ணீரைப் பாருங்கள் என்ற பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், அதே மக்களில் மூன்று பேர்மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். என் கேள்வி அதற்கு முந்தியது. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று எத்தனை ஊரில் கட்டி வைத்திருக்கிறோம்? எந்தப் பொறியியல் புத்தகத்தில் அந்த வரைபடம் இருக்கிறது? ஒரே தொட்டியாக இருந்தால் அதை எல்லோரும் காவல் காப்பார்கள். தனித்தொட்டி கட்டுகிற செலவு தண்ணீருக்காகச் செய்கிற செலவா, தீண்டாமைக்காகச் செய்கிற செலவா?

தொட்டிக் காலில் ‘சுத்தம் செய்த நாள், அடுத்து செய்யும் நாள்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். மாதம் இரண்டு முறை கழுவ வேண்டும் என்பது விதி. எத்தனை தொட்டியில் போன வருடத் தேதி சிரித்துக்கொண்டிருக்கிறது! பிளீச்சிங் பவுடர் கணக்கு உங்களுக்கு மனப்பாடம், ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு நூற்றிருபது கிராம். தராசு இல்லாத ஊரில் கையளவுதான் கணக்கு. மூட்டையைத் திறந்துபோட்டால் பவுடர் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும் என்பதையாவது உங்களுக்கு யாராவது உட்காரவைத்துச் சொன்னார்களா? கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், அவ்வளவுதான் சோதனை. ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தருவதாகத் திட்டத்திலேயே இருக்கிறது. அதற்கான சோதனைப் பெட்டி பஞ்சாயத்து பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இத்தனை பொறுப்பையும் தலையில் வைத்து உங்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தை இந்த மைக்கில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

‘இதெல்லாம் நடக்காத காரியம்’ என்று சொல்கிற ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். பாறையிலிருந்து ஃப்ளோரைடு இறங்கிய போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பல் பழுத்து, எலும்பு வளைந்த தலைமுறை அங்கே உண்டு. 2008-இல் ஒரு ஆட்சி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது, 2013-இல் இன்னொரு ஆட்சி திறந்து வைத்தது. ஜப்பான் கடன், சுமார் 1,900 கோடி செலவு. ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார். மனமிருந்தால் முடிகிறது. ஆனால் அங்கேயும் காவிரித் தண்ணீர் வராத நாளில் பழைய போர்வெல்லைத் தொட்டியில் கலந்தால் ஃப்ளோரைடு திரும்பவும் தொண்டைக்குள் போகும். அந்தக் கலப்பைச் செய்வதும் தடுப்பதும் மறுபடியும் அதே சாவிதான்.

கழிப்பறைக்கு வருகிறேன். 12,000 ரூபாய் கொடுத்தார்கள், கட்டினார்கள். 2019 அக்டோபர் 2 அன்று நாடே திறந்தவெளியில் மலம் கழிப்பதை விட்டுவிட்டது என்று அறிவித்தார்கள். அந்த அறைகளில் விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்து மக்களைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. தண்ணீர் வராத அறையில் விறகு வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்?

அதைவிடப் பெரிய தவறு மண்ணுக்கடியில் இருக்கிறது. நம் கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரே குழியாகப் பத்து உறை, பதினைந்து உறை இறக்குகிறார்கள். ‘ஆழமாப் போட்டா நிறையவே நிறையாது’ என்று பெருமை வேறு. அது நிலத்தடி நீரைத் தொடும். பக்கத்திலேயே போர்வெல். என்றைக்காவது நிறைந்தால் லாரி வர வேண்டும், லாரி வராத சந்தில் மனிதன் இறங்க வேண்டும். எந்தச் சாதி மனிதன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. செத்தால் பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. இழப்பீடு ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. அந்தக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. பெரியார் பிறந்த மண் என்று மேடைக்கு மேடை சொல்கிற நாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வழி இல்லையா? இரட்டைக் குழி. மூன்றடி ஆழம், மூன்றடி அகலம், இரண்டு குழி. சுவரில் ஓட்டை, அடியில் மண். ஒன்று நிறைய நாலைந்து வருடம் ஆகும். நடுத்தொட்டியில் ஒரு செங்கல்லை வைத்து வழியை மாற்றிவிட்டால் போதும். மூடிய குழி இரண்டு வருடத்தில் மக்கி எருவாகிவிடும், நாற்றம் கிடையாது. 2017-இல் மத்திய அரசின் செயலாளர் ஒருவரே தெலங்கானாவில் கங்கதேவிப்பள்ளி என்ற கிராமத்தில் அப்படிப்பட்ட குழிக்குள் இறங்கிக் கையால் அள்ளிக் காட்டினார். நம் முசிறியில் கழிவைப் பிரித்து எருவாக்கும் கழிப்பறை கட்டி, வந்து போகிறவருக்கே காசு கொடுத்தார்கள். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், உரத்துக்குக் கடையில் கொடுக்கிற விலை உங்களுக்குத் தெரியாதா?

குடிநீரும் சுகாதாரமும் ஊராட்சியின் பொறுப்பு என்று அரசியல் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணை சொல்கிறது. அப்படியானால் கேட்க வேண்டிய இடம் கிராமசபை. அடுத்த கிராமசபையில் தீர்மான நோட்டை உங்கள் முன்னால் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். தொட்டி கழுவிய தேதி, வாங்கிய பிளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ, தண்ணீர் சோதனை முடிவு, காலனிக்கு எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று நாலையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். டேங்க் ஆப்பரேட்டர் சம்பளத்தையும் அதே மூச்சில் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்த பிறகு பேனாவைக் கையில் எடுங்கள்.

இந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. உங்கள் தொட்டித் தண்ணீர் ஒரு செம்பு கொடுங்கள், குடித்துவிட்டுப் போகிறேன்.