சீமைக்கருவேலத்தில் கரண்ட்: முதல் காசு வெட்டுறவங்க கைக்குப் போகட்டும்

(ஐடி விங் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். எங்க பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், ரோட்டோட ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். எங்க சித்தப்பா அதை வெட்டி, மண் மூட்டம் போட்டு, கரி எடுக்கிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா இருமல் நிக்காது. இன்ஜினியரிங் படிச்சதுக்கு அப்புறம்தான் ஒரு கணக்கு புரிஞ்சது. ஒரு டன் கரிக்கு நாலஞ்சு டன் விறகு போகுது. மரத்துல இருக்கிற வெப்பத்துல பாதிக்கு மேல புகையாவே போயிடுது. அந்தப் புகையைத்தான் அவர் சுவாசிக்கிறார்.

இதே விறகை வச்சு மின்சாரம் எடுக்கலாமே? எடுக்கலாம். ஒரு யூனிட்டுக்குத் தோராயமா 1.3 கிலோ காய்ந்த விறகு. நம்ம கமுதியில 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல வந்துச்சு, நல்ல விஷயம். ஆனா பொழுது சாஞ்சதும் சூரிய ஒளி மின்சாரம் நின்னுடும். விறகு அப்படி இல்ல, ராத்திரியும் எரியும்.

அப்போ ஏன் இந்த மின் நிலையங்கள் தடுமாறுது? கணக்கு போட்டுப் பாருங்க. 10 மெகாவாட் நிலையம்னா ஒரு மணி நேரத்துக்கு 13 டன் விறகு. நாளுக்கு 300 டன்னுக்கு மேல, அதாவது முப்பது லாரி. முதல் வருஷம் பக்கத்துலயே கிடைக்கும். அப்புறம் இருபது கிலோமீட்டர், அறுபது கிலோமீட்டர்னு தூரம் போகணும். டீசல் செலவு ஏறும், விறகு விலை ஏறும், விக்கிற மின்சாரத்தோட விலை மட்டும் அதே வேகத்துல ஏறாது. அப்போ எங்க கை வைப்பாங்க? வெட்டுறவங்க கூலியில.

சர்க்கரை ஆலைக்கும் அரிசி ஆலைக்கும் இந்தத் தலைவலி கிடையாது. கரும்போட சக்கை வருது, ஒரு டன் நெல்லோட 200 கிலோ உமி வருது. எரிபொருள் தானா வாசலுக்கு வந்துடுது. கருவேலத்தைத் தேடிப் போய், முள்ளுல கை கிழிச்சு எடுத்துட்டு வரணும்.

அதனால என் கருத்து, சின்னதா ஆரம்பிக்கணும். மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி 2003-லயே குடிநீர் மோட்டாருக்கு 9 கிலோவாட் வாயுவாக்கி வச்சாங்க. அதே கணக்குல பார்த்தா மணிக்குச் சுமார் 12 கிலோ விறகு. ஒரு சைக்கிள்ல கட்டிக் கொண்டு வந்துடலாம்!

இதுல ஒரு சிக்கலையும் மறைக்காம சொல்லணும். இந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு. மேல வெட்டி வேரை விட்டா மறுபடி தழைக்கும். மின் நிலையம் இதையே நம்பி இருந்தா, 'மரம் இருக்கட்டும்'னு சொல்றதுக்கு ஒரு கூட்டம் உருவாகும். கென்யாவுல பாரிங்கோ பகுதி மக்களுக்கும் இதே மரம்தான் தொல்லை. இதோட காயைத் தின்னு பல்லு போன ஆட்டை நீதிமன்றத்துக்கே கூட்டிட்டுப் போனாங்க அந்த மக்கள். அங்கயும் மேய்ச்சல் நிலம் போச்சு, கரி மூட்டம்தான் மிச்சம். நம்ம கதைதான்.

ஆகவே கண்மாயிலயும் வயல்லயும் வேரோட எடுக்கணும், அந்த விறகை எரிக்கணும். மரம் குறையக் குறைய பருத்திமார், மிளகாய் மார்னு மாறிக்கிற மாதிரி இயந்திரம் இருக்கணும். புதுசா ஒரு கன்றுகூட இதுக்காக நடக்கூடாது. அனுமதி கொடுக்கும்போதே ஒரு டன் விறகுக்கு வெட்டுறவங்களுக்குக் குறைந்தபட்ச விலை எழுதியிருக்கணும். எரிபொருள் விலை ஏறினா மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொள்முதல் விலையையும் அதுக்கேத்த மாதிரி திருத்தணும். மானியம் கொடுக்கிறதா இருந்தா இயந்திரத்துக்கு மட்டும் கொடுத்தா போதாது, விறகு சேகரிக்கிற மகளிர் குழுவுக்கும் போகணும்.

இந்தக் கோரிக்கையை மாவட்ட அமைப்பு மூலமா எழுதிக் கொடுக்கப் போறோம். அதுக்கு உங்க உதவி வேணும். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி, திருச்சுழி, மானாமதுரை பக்கம் இருக்கிறவங்க, உங்க ஊர்ல இன்னைக்கு ஒரு டன் கருவேல விறகுக்கு வெட்டுறவங்க கைக்கு எவ்வளவு வருது, லாரிக்காரர் எவ்வளவுக்கு விக்கிறார், ரெண்டையும் கேட்டு கீழே பதிவு பண்ணுங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வந்தா மனுவுல சேர்த்துடலாம்.