இன்னு என்றால் மனிதர்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஒரு சின்ன ஊரைப் பத்திப் பேசப்போறேன். பேரு நாட்டுவாஷிஷ். கனடாவின் வடகிழக்குக் கோடியில், லாப்ரடார் கடற்கரையில் இருக்கிறது. ஆயிரம் பேருக்குள்தான். நான் போய்ப் பார்த்ததில்லை, படித்துத் தெரிந்துகொண்டதுதான். அவர்கள் கதையை நம் கதைக்கு உவமையாக்கவும் நான் வரவில்லை. முதலில் அவர்கள் கதையாகவே கேட்போம்.

அங்கே வாழ்கிறவர்கள் முஷுவாவ் இன்னு மக்கள். ‘இன்னு’ என்றால் அவர்கள் மொழியில் மனிதர். ‘முஷுவாவ்’ என்பது மரமற்ற வெட்டவெளியைக் குறிக்கிறது. வெள்ளைக்காரன் ஏட்டில் ரொம்ப காலம் அவர்களுக்கு ‘நஸ்காப்பி’ என்று வேறு பேர். காரிபூ என்கிற பனிப்பிரதேச மான் கூட்டத்தின் பின்னால் உள்நாடு முழுக்க நடந்து திரிந்தவர்கள். மான்தான் சோறு, மான்தோல்தான் துணி. அந்த நிலத்தை நிடாசினான் என்பார்கள். ‘எங்கள் நிலம்’ என்று அர்த்தம்.

1948இல் நியூஃபவுண்ட்லாந்து அரசு இவர்களை டேவிஸ் இன்லெட் என்ற இடத்திலிருந்து கிளப்பி, வடக்கே நுடாக்கில் கொண்டுபோய் இறக்கியது. சம்மதம் கேட்கவில்லை. மான் வேட்டையாடுகிறவனை மீன் பிடி என்றது. அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓரிரு வருஷத்துக்குள் நடந்தே திரும்பிட்டாங்க.

1949இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு இணைந்தது. இணைப்பு விதிகளில் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் வரவேண்டியவர்கள் மாகாணத்தின் தயவில் விடப்பட்டார்கள். பூர்வகுடிகளுக்கான சட்டப் பதிவேட்டில் அவர்கள் பேர் ஏற 2002 ஆயிற்று. ஏட்டில் பேர் இல்லாதவனுக்கு எந்த வரவும் இல்லை. வங்கியில் கணக்கெழுதுகிற எனக்கு இது நல்லாவே புரியும்.

1967இல் மறுபடி இடம் மாற்றினார்கள். இந்தமுறை ஒரு தீவுக்கு. குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியுமாக வீடு தருவோம் என்று வாக்கு. வீடு வந்தது, தண்ணீர் வரவில்லை. கடல் உறையத் தொடங்கும்போதும் உருகும்போதும் படகும் போகாது, பனிமேல் நடக்கவும் முடியாது. வேட்டை நிலம் எதிரே தெரியும், போக வழியில்லை. நடந்தே வாழ்ந்த ஜனத்தைத் தீவில் போட்டால் என்னாகும்? குடி புகுந்தது. தற்கொலைகள் நடந்தன.

1992 பிப்ரவரி 14 அன்று ஒரு வீடு தீப்பிடித்து ஆறு குழந்தைகள் செத்துப்போனார்கள். அடுத்த ஜனவரியில் ஆறு பிள்ளைகள் பெட்ரோலை மோந்து, சாகணும்னு கத்தின காட்சி தொலைக்காட்சியில் வந்தது. படம்பிடித்தவர் அந்த இனத்தைச் சேர்ந்த ஊர்க் காவலர். உலகம் பிள்ளைகள் கையிலிருந்த பெட்ரோலைப் பார்த்தது. தீவை யார் பார்த்தார்கள்?

அதே 1993இல் கனடா மனித உரிமை ஆணையத்துக்காக டொனால்ட் மெக்ரே அறிக்கை தந்தார். அரசு தன் அரசியலமைப்புக் கடமையில் தவறியது என்றார். டிசம்பரில் ஊர்த் தலைவி கேட்டி ரிச்சும் பெண்களும் மாகாண நீதிபதியை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். போலீசும் வெளியேறியது. குடிகாரர்களின் ஊர் என்று பேர் வாங்கின இடத்தில் நடந்த அரசியல் இது.

இன்னொன்றும் அந்த வருஷத்தில்தான் நடந்தது. அவர்களுக்கு வடக்கே வாய்சீஸ் பேயில் நிக்கல் கண்டுபிடித்தார்கள். 1996இல் அந்தச் சுரங்க உரிமை 400 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. அதே 1996இல்தான் ஊரைத் தீவிலிருந்து மாற்றும் ஒப்பந்தமும் கையெழுத்தானது. அதற்கான செலவு 15 கோடி டாலருக்கு மேல். ‘இத்தனை கோடியா இவங்களுக்கு?’ என்று கேட்பவர்கள் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

2002 டிசம்பரில் குடிபெயர்ந்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மக்களேதான். 2003இல் நாட்டுவாஷிஷ் சட்டப்படி ரிசர்வ், அதாவது அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் ஆனது. தண்ணீர் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. துக்கமும் கூடவே வந்தது. புது வீடு கொடுத்துவிட்டால் ஐம்பது வருஷக் காயம் ஆறிவிடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. அது தப்புக் கணக்கு.

2008இல் ஊரில் மதுவைத் தடைசெய்ய ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ரெண்டு ஓட்டு வித்தியாசத்தில் தடை ஜெயித்தது. 2010இல் மறுபடி ஓட்டெடுத்துத் தடையைத் தக்கவைத்தார்கள். ரெண்டே ஓட்டுதான், ஆனா அவங்க ஓட்டு.

2017இல் பிரதமர் ட்ரூடோ உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளுக்காக லாப்ரடார் வந்து மன்னிப்புக் கேட்டார். இன்னு தேசம் என்கிற அவர்களின் அமைப்பு அதை ஏற்க மறுத்தது. எங்கள் பிள்ளைகள் பட்டது முழுசா இதில் இல்லை என்றது.

தோழர்களே, நமக்கு வீடு தருகிறேன், பள்ளி தருகிறேன், மன்னிப்பும் கேட்கிறேன் என்று யார் வந்தாலும், அந்த ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கே இருப்பது, எப்படி இருப்பது என்று முடிவுசெய்தது யார்?

கடைசியாக ஒன்று. நுடாக்கிலிருந்து திரும்பி நடந்தவர்களுக்கு அறிக்கை இல்லை, ஆணையம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. கால் இருந்தது. அதை மறக்க வேண்டாம்.