மைக் பிடிக்கிறது கஷ்டம் இல்ல, கணக்கு கேக்குறதுதான் கஷ்டம்!

(வீரகேரளம்புதூரில் நடந்த இளைஞர் கூட்டத்தில் நமது ஐ.டி. பிரிவு தங்கை ஆற்றிய உரை, எழுத்து வடிவில்.)



மேடையில இருக்கிற பெரியவர்களுக்கும், கீழ உட்கார்ந்திருக்கிற அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கும், லைவ்ல பார்த்துக்கிட்டு இருக்கிற உங்களுக்கும்தான் இந்தப் பேச்சு.

காலையில கிளம்பும்போது எங்க ஆச்சி கேட்டா: "ஏட்டி, நீ கம்ப்யூட்டர்ல படம் போடுற பிள்ளைதான, உனக்கு எதுக்கு மேடை?" நியாயமான கேள்வி. நான் இன்ஜினியரிங் முடிச்சவ. மூணு வருஷமா போஸ்டர், ரீல்ஸ், ட்ரெண்டிங்னு ராத்திரி பகலா உழைக்கிறேன். டெல்லியில ஒரு விஷயம் நடந்தா பத்து நிமிஷத்துல நம்ம பதிவு வந்துரும். ஆனா எங்க தெருவிளக்கு நாலு மாசம் எரியல. அதுக்கு நான் ஒரு மனு எழுதல. இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

என்னை மாத்துனது நம்ம மாவட்டத்துப் பொண்ணு ஒருத்தி. பேரு சாருகலா.

2021 அக்டோபர். தென்காசி தனி மாவட்டமாகி இரண்டு வருஷம்கூட முடியல. 9 மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல். பாரதியார் வாழ்ந்த கடையம் இருக்குல்ல, அந்த ஒன்றியத்துல வெங்கடாம்பட்டி ஊராட்சி. தலைவர் பதவிக்கு நிக்கக் குறைந்தபட்ச வயது 21. அந்த வயசைத் தொட்ட கையோட, பொறியியல் படித்த சாருகலா அங்கே போட்டியிட்டார். அக்டோபர் 12-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. ஜெயிச்சு ஊராட்சித் தலைவர் ஆனார். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. நம்ம கொடி, நம்ம சின்னம், நம்ம ஐ.டி. விங் எதுவும் அங்க நேரா வேலை செய்யாது. வேட்பாளரை ஊருக்குத் தெரியணும், அவ்வளவுதான். வீடு வீடா ஏறி இறங்கினவங்களுக்குத்தான் ஓட்டு. லைக் எத்தனைன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

சரி, இந்தக் கதவு தானா திறந்ததா? இல்லை. 1993-ல் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 2016-ல் தமிழ்நாடு அதை 50 சதவீதம் ஆக்கியது. இன்னைக்கு ஊராட்சிகளில் பாதி நாற்காலி சட்டப்படி நம்மது. ஆனா நாற்காலியில உட்காருறது யாரு? பல ஊர்ல போர்டுல அக்கா பேரு, போன் எடுக்கிறது அண்ணன். காசோலையில தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். எதுக்குப் போடுறோம்னு தெரியாம கையெழுத்து மட்டும் போடுறதுக்குப் பேரு பதவி இல்ல.

பயம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. பக்கத்துல திருநெல்வேலி தாழையூத்து. அங்கே ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை வேணும்னு உறுதியா நின்றார். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண். 2011 ஜூனில் அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்தார். பின்வாங்காமல் வழக்கை நடத்தினார். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2024-ல். 13 வருஷம்! தனியா ஒரு பொண்ணை முன்னால அனுப்பிட்டு, பின்னால நின்னு கை தட்டுறது அரசியல் இல்ல தம்பிகளா. அவகூட நிக்கணும்.

சாருகலா கதையைப் படிச்ச பிறகு நான் முதல் தடவையா கிராம சபைக்குப் போனேன். வயசானவங்க கொஞ்சப் பேரு, நூறு நாள் வேலைக்குப் போற அக்காமாரு. என் வயசுல நான் மட்டும்தான். எழுந்து நின்னு "வரவு செலவு கணக்கை வாசிங்க"ன்னு கேட்டேன். கால் நடுங்கிச்சு. ஒருத்தர், "நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா?"ன்னு கேட்டாரு. பின்னால இருந்து ஒரு அக்கா சொன்னாங்க: "யாரு வீட்டுப் பிள்ளையா இருந்தா என்ன, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க." அன்னைக்குத் தெருவிளக்கையும் தீர்மானத்துல ஏத்தினோம். மூணு வாரத்துல எரிஞ்சது.

அதனால உங்ககிட்ட மூணே மூணு வேலை கேக்குறேன்.

ஒண்ணு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபை நாட்கள். போன்ல அலாரம் வைங்க. உங்க ஊராட்சியின் வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தா நீங்களும் சபை உறுப்பினர்தான். யாரும் அழைக்கணும்னு காத்திருக்க வேண்டாம்.

ரெண்டு: போகும்போது உங்க அக்காவை, தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க பேசும்போது குறுக்க பேசாதீங்க.

மூணு: 2021-ல் தேர்வான நம்ம மாவட்ட உள்ளாட்சி நிர்வாகத்தின் 5 ஆண்டு 2026 அக்டோபரில் நிறைவடைகிறது. கடந்த தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 300. ஒரு மாச ரீசார்ஜ் ரெண்டு பண்ற காசு. பணம் இல்லைங்கிறது காரணம் இல்ல. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?"ங்கிற கேள்விதான் காரணம். அந்தக் கேள்வி முதல்ல நம்ம வீட்டுல நிக்கணும்.

இந்தப் பேச்சை ஷேர் பண்ணுங்க, சந்தோஷம். ஆனா ஷேர் பண்றதுக்கு முன்னாடி உங்க தெருவுல எந்த விளக்கு எரியலன்னு ஒரு தடவை வெளிய வந்து பாருங்க. அங்கேருந்து ஆரம்பிப்போம்.

ஆச்சி, நீயும் லைவ்ல பார்த்துக்கிட்டு இருப்ப. படம் போடுற பிள்ளை பேசி முடிச்சிட்டா.



#கிராமசபைக்கு_வாங்க #பாதி_நாற்காலி_நம்மது #தென்காசி