பேரீச்சங்குலையும் நம் பழத்தட்டும்

(மணப்பட்டில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



உம்முல் முன்திர் (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணியின் இல்லத்திற்கு ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் வருகை தந்தார்கள். உடன் அலீ (ரலி) அவர்களும் வந்திருந்தார்கள். அலீ அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து எழுந்திருந்தார்கள். வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. நபியவர்கள் அதிலிருந்து உண்ணலானார்கள். அலீ அவர்களும் உண்ண முற்பட்டபோது, நோயின் பலவீனம் இன்னும் நீங்கவில்லை என்பதை நினைவூட்டித் தடுத்தார்கள். அலீ அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பின்னர் அப்பெண்மணி கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தபோது, அதுவே அவருக்கு ஏற்றது என்று நபியவர்கள் உண்ணச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள். குலை ஒன்றுதான். ஒருவர் உண்டார்கள்; மற்றவர் தடுக்கப்பட்டார்கள். பேரீச்சம்பழம் ஹலாலானது, பரக்கத் பொருந்தியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எனினும், "நல்ல உணவுதானே" என்ற ஒரே காரணத்தால் அது எல்லா உடலுக்கும் எல்லா நேரத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றது என்று ஆகிவிடவில்லை.

இதை மத்ரஸாவில் ஓதியவன் நான். ஓதியும் என் வீட்டில் தவறினேன். மறைந்த என் அத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மருத்துவர் சொன்ன நாளிலேயே தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள்; இனிப்புப் பண்டங்களைத் தொடமாட்டார்கள். ஆனால், வெளியே சென்று திரும்பும்போதெல்லாம் அவர்களுக்காக நான் பழச்சாறு வாங்கி வருவேன். சாத்துக்குடி, ஆரஞ்சு, சில நாள் மாதுளை. "பழம் அல்லாஹ் தந்தது, அது என்ன செய்துவிடும்" என்பார்கள். நானும் தந்தைக்குப் பணிவிடை செய்வதாக மகிழ்ந்திருந்தேன். ஒருமுறை செருப்புக் கடித்த சிறு புண் வந்தது. ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பின் அவர்களால் தரையில் அமர்ந்து அத்தஹிய்யாத் ஓத இயலவில்லை. இறுதி வரை நாற்காலியிலேயே தொழுதார்கள். சாறு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குவளையை நீட்டிய கை என்னுடையது.

சகோதரர்களே! இது ஒரு வீட்டுக் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடெங்கும் 1,13,043 பேரைப் பரிசோதித்து நடத்தப்பட்ட ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியானது. நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. நம் புதுச்சேரியில் எவ்வளவு தெரியுமா? 26.3 சதவீதம்! கோவாவுக்கு அடுத்து நாமே. இந்த ஸஃப்பில் நிற்போரில் நான்கு பேரை எண்ணினால் ஒருவருக்கு நோய் இருக்கலாம். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

பாகூரின் நெல்லும் கரும்பும் நம் வாழ்வாதாரம். ஆற்றுக்கு அப்பால் நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை இருக்கிறது. இனிப்பு நமக்குப் புதிதன்று. ஆனால் கரும்பு வெட்டியவர் அன்று நாள் முழுதும் வெயிலில் உழைத்தார். அவருடைய பேரன் இன்று அமர்ந்த இடத்தில் நான்கு வேளை தேநீர் அருந்துகிறான்.

கணக்குப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வரையறையை வெளியிட்டது. தனியே சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாற்றிலுள்ள சர்க்கரை ஆகிய அனைத்தும் சேர்ந்து நாள் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்னும் நன்று. அது ஏறத்தாழ 25 கிராம்; ஆறு சிறு கரண்டி. தேநீருக்கு இரண்டு கரண்டி வீதம் மூன்று வேளை அருந்தினால் அந்த நாளின் பங்கு முடிந்தது! இது நலமாக இருப்பவருக்கான அளவு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அந்தக் கணக்கில் முழுப் பழம் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். சாறு சேர்கிறது, பழம் சேரவில்லை. ஏன்? கொய்யாவைக் கடித்து மென்று உண்ணும்போது அதன் நார்ச்சத்தும் உள்ளே செல்கிறது. சர்க்கரை மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. ஒரு கொய்யாவிலேயே வயிறும் நிறைந்துவிடுகிறது. சாறு பிழியும்போது நாரை வடிகட்டி எறிந்துவிடுகிறோம். ஒரு குவளைக்கு மூன்று, நான்கு ஆரஞ்சு தேவைப்படும். நான்கு ஆரஞ்சை உரித்து உண்ண எவ்வளவு நேரமாகும்? சாறாகப் பருக ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் மேல் கடைக்காரர் இரண்டு கரண்டி சர்க்கரையையும் போடுகிறார்.

ஆகவே சர்க்கரை நோயாளி பழத்தையே வெறுக்க வேண்டியதில்லை. சிறிய கொய்யா ஒன்று, அல்லது ஓர் ஆரஞ்சு, அல்லது சில துண்டு பப்பாளி. வயிறு நிறையச் சோறு உண்ட உடனே அல்லாமல், இடைவேளையில். பண்ருட்டிப் பலா வந்திறங்கும் பருவத்தில் இரண்டு சுளையோடு நிறுத்துவது கடினம், அறிவேன்! நூறு கிராம் சுளையில் ஏறத்தாழ 19 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியன தீங்கு செய்யா என்று நம்புவோர் நம்மிடையே பலர். தேனில் ஷிஃபா உண்டு என்பது நம் ஈமான். அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை என்பதும் உண்மை. அளவை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்; நான் மருத்துவன் அல்லன்.

நபியவர்கள் பேரீச்சம்பழத்தை வெள்ளரியுடன் சேர்த்து உண்டதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். நம் தட்டிலோ பேரீச்சம்பழத்திற்கு அருகில் ஜிலேபி இருக்கிறது.

இஃப்தார் வேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நபியவர்கள் சில பேரீச்சம்பழங்களைக் கொண்டு, அதுவும் இல்லையெனில் சில மிடறு நீரைக் கொண்டு நோன்பு துறந்தார்கள். நாம் அந்த ஸுன்னத்தின் பெயரால் ஏழெட்டுப் பழமும், ரோஸ் சர்பத்தும், வடையும் உள்ளே தள்ளுகிறோம். சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரை, இன்சுலின் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் துறந்துவிட வேண்டும் என்பது இத்துறை வல்லுநர்களின் வழிகாட்டல். கை நடுங்கி, வியர்த்து, கண் இருளும்போது அதே சர்க்கரைதான் உயிர் காக்கும் மருந்து. அப்போது "மஃரிபுக்கு அரை மணி நேரம்தானே" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நோயாளிக்கான சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தந்துள்ளன.

இன்னுமொன்று. நிக்காஹ், பெயர் சூட்டு என்று எந்த வீட்டிற்குச் சென்றாலும் இமாமுக்கு முதலில் வருவது கூடுதல் சர்க்கரை போட்ட தேநீர், அடுத்தது குளிர்பானம். வேண்டாமென்றால் முகம் வாடுகிறது. "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது, ஹஜ்ரத்" என்கிறீர்கள். ஒரே நாளில் நான்கு வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். விருந்தாளி மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். மணப்பட்டில் இளநீருக்குப் பஞ்சமா?

பள்ளியின் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைத்துள்ளேன். வரும் ரமலானில் சர்பத் அண்டாவுக்குப் பதிலாகக் குடிநீர்ப் பானையும், நறுக்கிய வெள்ளரி, கொய்யாத் தட்டுகளும், ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழமும் போதும் என்று. பெரியவர்கள் சிலர் முணுமுணுக்கக்கூடும். பேசிக்கொள்வோம்.

நம்மில் நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.