பாட்டரியும் மின்னேற்றுங் கருவியும்

காலையில் ஊர்தியைக் கிளப்பும்போது எஞ்சின் முனகி ஓய்ந்துவிடுமாயின், அதை நம்பிப் பிழைப்பவருக்கு அன்றைய வருவாய் போயிற்று என்றே பொருள். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையையும் அதனையடுத்த சந்துகளையும் இருப்பிடமாகக் கொண்டு, டாக்சியும் சிறு சரக்கு வண்டியும் ஓட்டும் நம்மவர் உளர். இரவில் சார்ஜரை இணைத்துவிட்டு உறங்கி, விடியலில் பாட்டரி ஏறவில்லையெனக் கண்டதும், நாம் முதலில் பழிப்பது சார்ஜரையே. குற்றமோ பல வேளைகளில் அதனுடையதன்று. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றினுடையது.

ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட இப்பாட்டரியைப் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859-இல் கண்டார். நம் ஊர்திகளிலுள்ள 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. நிறைந்த அறை ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். இவ்வாறு நிறைந்த பாட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் 12.6 வோல்ட் காட்டும். இவ்வெண்ணை நினைவில் இருத்தினால் ஆராய்ச்சி எளிதாகும்.

சார்ஜரின் விளக்கே எரியவில்லையா? அதே பிளக்குக் குழியில் வேறொரு விளக்கைப் பொருத்திப் பாருங்கள். அது எரிந்தால், வயரின் முறிவையும் பியூஸையும் நோக்குக. பியூஸ் போயிருப்பின் அதே அளவினதையே இடுதல் வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றிச் சமாளிப்பது தீயை வரவழைப்பதாகும். சிவப்புக் கவ்வி நேர்முனைக்கும் கறுப்பு எதிர்முனைக்கும் உரியது. மாற்றி மாட்டினாலும் பியூஸ் போகும்.

விளக்கு எரிந்தும் மின்னோட்டம் செல்லவில்லையெனில், பாட்டரியின் முனைகளைக் காண்க. அங்கே வெண்ணீறு போலவோ பசுமை கலந்தோ பூத்திருக்கும் படிவே தடை. மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரால் அதைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, சிறிது வாசலைன் பூசுக. முனைகள் தூய்மையாக இருந்தும் பயனில்லையாயின், பாட்டரி அடியோடு இறங்கியிருத்தல் கூடும். தானியங்கிக் கருவிகள் பல, பாட்டரியில் ஓரளவேனும் அழுத்தம் எஞ்சியிருந்தாலன்றி மின்னோட்டத்தை விடா. அப்போது பாட்டரிக் கடைக்காரரிடம் கொடுப்பதே முறை.

இரவெல்லாம் ஏற்றியும், ஓய்வுக்குப்பின் 10.5 வோல்ட் அளவிலேயே நிற்கின்றதா? ஆறில் ஓர் அறை செத்தது எனலாம். சில நிமிடங்களிலேயே நிறைந்ததாகக் காட்டி, கிளப்பியவுடன் சோர்கின்றதா? தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகிவிட்டது. இவ்விரண்டிற்கும் புதிய சார்ஜர் வாங்குவது வீண் செலவு. மாற்ற வேண்டியது பாட்டரியே. மின்னோட்டம் பாட்டரிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காக இருத்தல் நலம்: 35 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 3.5 ஆம்பியர். நீர் விடும் வகையாயின் வாலைநீர் மட்டுமே சேர்க்கலாம். குழாய்நீர் தகடுகளைக் கெடுக்கும்.

இனி, பொருளிழப்பினும் பெரிய இழப்பொன்று உண்டு. ஏற்றும்போது பாட்டரி ஹைடிரஜன் வாயுவை வெளிவிடுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் அது வெடிக்கும். காற்றினும் இலேசானதாதலின் மேலேறிக் கூரையின்கீழ்த் தேங்கும். தாராவியின் சிறு வீடுகளிலோ, கூரையை ஒட்டிய பரணில் பிள்ளைகள் உறங்குவர். கீழே அடுப்பு எரியும். ஆகவே உறங்கும் அறையில் பாட்டரி ஏற்றவே வேண்டாம். காற்றோட்டமுள்ள, மழை படாத இடத்தில், விழித்திருக்கும் வேளையில் ஏற்றுக. கவ்விகளை மாட்டியபின் சுவிட்சைப் போடுக. சுவிட்சை அணைத்தபின் கவ்விகளைக் கழற்றுக. அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறைந்த நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடுக.

மழைக்காலத்தில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மிட்டி ஆற்றை ஒட்டிய பகுதிகளில் வெள்ளம் வீடுகளுள் புகுந்ததை நாம் அறிவோம். சார்ஜரும் அதன் வயரும் ஒருபோதும் தரையில் கிடத்தலாகாது. ஈரக்கையால் தொடலும் ஆகாது.

குழி, வயர், பியூஸ், கவ்வி, முனை, பாட்டரி என்னும் இவ்வரிசையில் ஆராய்ந்து, இறுதியிலேயே கருவியை ஐயுறுக. அதன் பெட்டியைத் திறக்கும் வேலையைத் தொழில் அறிந்தவருக்கே விடுக. கைப்பொருளும் மிஞ்சும், வீட்டாரும் அச்சமின்றி உறங்குவர்.