கால்வாயும் கண்டலும் நமக்கும் சொந்தம்
(மட்டாஞ்சேரி குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, ரேஷன் கார்டு, வீட்டு வாடகை என்று பேசவேண்டிய மேடையில் மரத்தையும் பறவையையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடல் ஏற்றமும் அடைமழையும் சேர்ந்து வரும் நாளில் முதலில் தண்ணீர் புகுவது யார் வீட்டில்? தாழ்ந்த நிலத்தில், கால்வாய் ஓரத்தில், ஒற்றை அறையில் குடியிருக்கும் நம் வீட்டில்! ஆகவே இதுவும் கூலிப் பிரச்சினையைப் போல நம் வாழ்க்கைப் பிரச்சினையே.

ராமேஸ்வரம்–கல்வத்தி கால்வாயைப் பாருங்கள். காயல் நீர் அன்றாடம் ஏறி இறங்கும் வழி அது. சேறும் குப்பையும் அடைத்துக்கொண்டால் மழைநீருக்குப் போக்கிடமில்லை. தேங்கிய நீரில் கொசு, கொசுவால் காய்ச்சல், காய்ச்சலால் கூலி நட்டம்.

காயற்கரைக்கு இயற்கை தந்த காவல், கண்டல் மரம். நம் ஊரில் அலையாத்தி என்போம். அதன் வேர் சேற்றைப் பிடித்து நிறுத்துகிறது. அலையின் வேகத்தைத் தணிக்கிறது. இறாலும் மீனும் அந்த வேர்களுக்கிடையேதான் குஞ்சிலிருந்து வளர்கின்றன.

எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்தை அடுத்து மங்களவனம் இருக்கிறது. மொத்தமே 2.74 ஹெக்டேர், ஏழு ஏக்கர்கூட இல்லை. நகரத்தின் நடுவே கண்டல் நின்று, இராக்கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும் அந்த இடம் 2004இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறோம்? படித்தவர்கள் போகிற இடம் என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம்.

ஒதுங்கவேண்டியதில்லை! கண்ணூர் மாவட்டத்தில் பழயங்காடிப் பக்கம் கண்டல் நட்டுக் காடாக்கிய கல்லேன் பொக்குடன் யார்? விவசாயக் கூலித் தொழிலாளி. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். ஆற்றோரப் பாதையில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளைக் காற்று அலைக்கழிக்கிறதே என்று 1989இல் நடத் தொடங்கினார். 2015இல் அவர் மறைந்தபோது கேரளமே அவரை அறிந்திருந்தது. அதற்கும் முன்னே, அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டிலிருந்து காக்க ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் ஊர் ஊராகப் பேசினார்கள். 1984இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. மக்கள் பேசியதால் காடு பிழைத்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கால்வாயைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி ஏழையின் குடிசையை முதலில் பிடுங்குவது இயற்கைப் பாதுகாப்பு ஆகாது. பெரிய கட்டடத்தின் கழிவுக் குழாயை விட்டுவிட்டுக் கூலிக்காரன் வாசலை மட்டும் அளப்பது நீதியும் ஆகாது. யாரையேனும் மாற்றித்தான் ஆகவேண்டுமானால், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் முதலில் வீடு கொடுக்கட்டும்.

நம் பங்கு என்ன? வீட்டுப் பிளாஸ்டிக்கைக் கால்வாயில் எறியாமல் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுப்போம். ஜூன் மழைக்கு முன்பே தூர்வாரும்படி மாநகராட்சிக்குக் கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம். இயற்கை முகாம்களில் நம் பிள்ளைகளுக்கும் இடம் கேட்போம். விளக்கம் தமிழிலும் வேண்டுமென்று கேட்போம். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை மங்களவனத்துக்கு அழைத்துச் செல்வோம்.

பிழைக்க வந்த ஊர்தான். ஆனால் நம் பிள்ளைகள் வளரும் ஊரும் இதுவே.

கால்வாய் ஓடட்டும்! கண்டல் தழைக்கட்டும்! உழைப்பவர் குடி நிலைக்கட்டும்!