நடக்கும் முன்பே தெரியும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



உடப்பில் கரைவலை போடும் பெரியவர்கள் கடலின் நிறத்தைப் பார்த்தே மீன் வருவதைச் சொல்லிவிடுவார்கள். வலையை இழுத்த பிறகு யாரும் சொல்லலாம். முன்கூட்டிச் சொல்வதுதான் கெட்டித்தனம். இதைக் கணினிக்கும் பழக்குகிறார்கள். வீடியோவில் ஒரு கை நீளும்போதே, அது கைகுலுக்கவா அடிக்கவா என்று கணிக்கும் முறையொன்றை 2011இல் ரியூ என்ற ஆய்வாளர் வெளியிட்டார்.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் ஒரு தாய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குறைமாதத்தில் பிறந்த தன் பிள்ளையைக் காட்டி, "ஒரு மாதிரி அசையுது டொக்டர்" என்றார். "சில பிள்ளைகள் பிந்தித்தான் நடக்கும், பொறுங்கோ" என்று அனுப்பிவிட்டேன். ஒன்றரை வயதில் பெருமூளை வாதம் என்று தெரிந்தது. மூளை வேகமாக வளரும் முதலாவது வருடம் பயிற்சியின்றியே போய்விட்டது. தவறு என்னுடையது.

மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தை விழித்தபடி மல்லாந்து கிடக்கையில் கழுத்திலும் கை கால்களிலும் சின்னச் சின்ன அசைவுகள் ஓடிக்கொண்டிருக்கும். அவை இல்லாதிருப்பது இந்நோயின் முன்னறிகுறி என்று பிரெக்டல் குழுவினர் 1997இல் லான்செட் இதழில் காட்டினர். சில நிமிட வீடியோ போதும். ஆனால் அதைப் பார்த்துச் சொல்லப் பயின்றவர்கள் குறைவு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நோர்வே ஆய்வாளருடன் சேர்ந்து இம்முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். 2022இல் வெளியான ஆய்வில், இந்தியா உட்பட நான்கு நாடுகளின் 557 குழந்தைகளுடைய வீடியோக்களைக் கொண்டு கணினியைப் பழக்கிச் சோதித்தார்கள். சோதனையில் பாதிப்புள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேரை அது கண்டுபிடித்தது.

மீதி மூன்று பேர்? அதனால்தான் கணினி துணை மட்டுமே என்கிறேன். முதலில் கண்டவர் தாய். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

தாய்மாரே, பிள்ளையின் அசைவில் சந்தேகம் வந்தால் கைத்தொலைபேசியில் எடுத்து கிளினிக்கில் காட்டுங்கள், முகநூலில் போடாதீர்கள். "பொறுங்கோ" என்றால் மறுபடியும் கேளுங்கள். கணிதமும் கணினியும் படிக்கும் தங்கைமாரே, கற்பிட்டியிலும் முந்தலிலும் பிறக்கும் பிள்ளைகளையும் அறிந்த கணினியை நீங்கள் உருவாக்குங்கள்.